மருமகளுக்கு அரிப்பு, மாமனாருக்குப் படர்தாமரை: பூஞ்சையும் ஹார்மோனும்

பர்மாவின் தட்டோனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். இந்தக் கர்ப்பத்திலேயே மூன்றாவது முறையாகத் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுகிறது, கூடவே தாங்க முடியாத அரிப்பு. "சுத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வரப்போகுது" என்று அம்மா ஜாடையாகப் பேசுகிறாராம். அதே வீட்டில் அப்பாவுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் தொடை இடுக்கில் படர்தாமரை, அம்மாவுக்கு இத்தனை வயதில் ஒருமுறைகூட வந்ததில்லை. "அக்கா, நீங்கள் லேபில் இருந்தவர். ஆண்களுக்கு ஒரு பூஞ்சை, பெண்களுக்கு ஒரு பூஞ்சை என்று இருக்கிறதா? ஹார்மோன்தான் காரணம் என்கிறார்களே, அப்படியானால் எதிர்ப்பு சக்தி யாருக்குக் கம்மி?" இதுதான் கேள்வி.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவிக்கு வந்திருப்பதற்குச் சுத்தக் குறைவு காரணமில்லை. இதை அம்மாவிடம் நீங்களே சொல்ல முடியாவிட்டால் நான் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். நான் டாக்டர் இல்லை, ரங்கூனில் நுண்ணுயிர் லேபில் இருபத்தைந்து வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பூஞ்சைகளோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

"யாருக்கு எதிர்ப்பு சக்தி கம்மி" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது, ஏனென்றால் ஹார்மோன் ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை. நெல்லுக்கு வேண்டிய மழை எள்ளுக்கு ஆகாது, மழை அதே மழைதான். பெண்களின் ஈஸ்ட்ரோஜனும் அப்படித்தான், ஒரு பூஞ்சையைக் கட்டிப்போடுகிறது, இன்னொன்றுக்குப் பாய் விரித்துச் சோறு போடுகிறது. அது நம் உடம்பின் தோலையும் சவ்வையும் மாற்றுகிறது, நம் வெள்ளணுக்களை மாற்றுகிறது, இது போதாதென்று நேராகப் பூஞ்சையிடமே போய்ப் பேசுகிறது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு முதலில் படித்தபோது நம்ப முடியாமல் இருந்தது. மனுஷப் பெண்ணின் ஹார்மோன், மண்ணில் கிடக்கிற ஒரு பூஞ்சைக்கு எப்படிப் புரியும்?

அந்தக் கதை நம் ஊரில் இல்லை, பிரேசில், கொலம்பியா பக்கம். பாராகாக்சிடியாய்ட்ஸ் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு பூஞ்சை அங்கே மண்ணில் இருக்கிறது. 1908-இல் அடால்ஃபோ லூட்ஸ் என்ற பிரேசில் மருத்துவர் இந்த நோயை முதலில் எழுதி வைத்தார். தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள் தூசியோடு இதன் வித்துகளை மூச்சில் இழுத்துவிடுகிறார்கள், அது நுரையீரலில் உட்கார்ந்து பல வருஷம் சும்மா கிடந்துவிட்டு, பிற்பாடு நுரையீரலையும் வாயையும் மூக்கையும் புண்ணாக்கும். இதில் விசேஷம் என்னவென்றால், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனையில், அதாவது இந்தப் பூஞ்சையை உடம்பு எப்போதாவது சந்தித்திருக்கிறதா என்று பார்ப்பதில், ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சமம். வயதுக்கு வராத பிள்ளைகளில் நோயும் சமம்தான். ஆனால் வயதுக்கு வந்தபின் நோயாகப் படுக்கிறவர்களைப் பார்த்தால் பத்து ஆணுக்கு ஒரு பெண், சில இடங்களில் அதைவிடவும் மோசம். ஒரே மண், ஒரே தூசி, இருவர் மூச்சிலும் போகிறது, ஒருவருக்கு மட்டும் நோய்.

கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் ஆஞ்சலா ரெஸ்ட்ரெப்போ என்ற அம்மையார் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு பூஞ்சையைத் துரத்தியவர், 2022-இல்தான் காலமானார். அவரும் கூட்டாளிகளும் 1980-களின் தொடக்கத்தில் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. இந்தப் பூஞ்சை மண்ணில் இருக்கும்போது நூல் நூலாக இருக்கும், உடம்புச் சூட்டுக்கு வந்ததும் உருண்டை ஈஸ்ட்டாக மாறிக்கொள்ளும். மாறினால்தான் அது உடம்பில் பிழைக்கும், நோயும் வரும். சோதனைக் குழாயில் அதை 37 டிகிரியில் வைத்து, கொஞ்சம் எஸ்ட்ரடயால் சேர்த்தார்கள், அது பெண்களின் முக்கிய ஈஸ்ட்ரோஜன். மாற்றம் தடைபட்டது. டெஸ்டோஸ்டிரோன் சேர்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை, பூஞ்சை பாட்டுக்கு மாறிக்கொண்டது. அந்தக் குழாய்க்குள் வெள்ளணு கிடையாது, ரத்தம் கிடையாது, எதிர்ப்பு சக்தி என்ற பேச்சே கிடையாது. பூஞ்சையும் ஹார்மோனும் மட்டும். பூஞ்சைச் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதமே இருக்கிறது என்பதும் அதே காலத்தில் தெரிந்துவிட்டது. அதாவது பூஞ்சைக்கும் ஒரு காது இருக்கிறது.

சரி, அப்படியானால் வெள்ளணுக்களுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. எலிகளில் அடுத்தடுத்துப் பார்த்தார்கள். பெண் எலிகள் நோயை ஒடுக்கிவிட்டன, ஆண் எலிகளில் வளர்ந்துகொண்டே போனது. விரை நீக்கிய ஆண் எலிக்கு எஸ்ட்ரடயால் கொடுத்தால் அதன் எதிர்ப்பு பெண் எலி மாதிரி மாறியது, சூலகம் நீக்கிய பெண் எலிக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் ஆண் எலி மாதிரி ஆனது. பூஞ்சைக்கு எதிராக நமக்கு வேண்டியது இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞையைச் சுரந்து, விழுங்கும் செல்களை உசுப்பிவிடுகிற டி-செல் வகை. ஈஸ்ட்ரோஜன் இருந்த பக்கம் அது ஓங்கி நின்றது. ஆக ஈஸ்ட்ரோஜன் அந்தப் பூஞ்சையின் காலையும் கட்டுகிறது, நம் காவல்காரனுக்குத் தடியும் கொடுக்கிறது.

இதைப் படித்துவிட்டு "ஆகா, பெண்களுக்கு எதிர்ப்பு சக்தி அதிகம்" என்று முடிவு கட்டினால், உங்கள் மனைவி கேட்பார், அப்போ எனக்கு ஏன் என்று.

அவருக்கு வந்திருப்பது, நீங்கள் சொன்ன அடையாளத்தைப் பார்த்தால், அநேகமாகக் கேண்டிடா. இது வெளியிலிருந்து வந்த அழுக்கு இல்லை. நம் குடலிலும் வாயிலும் பிறந்த சில நாளிலிருந்தே குடியிருக்கிற ஈஸ்ட். ஒரு தொந்தரவும் இல்லாத ஆரோக்கியமான பெண்களைப் பரிசோதித்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பெண்ணுறுப்பில் இது இருக்கும், அவருக்கே தெரியாது. பெண்களில் நாலில் மூன்று பேருக்கு ஆயுளில் ஒருமுறையாவது அரிப்பாக வந்துவிட்டுப் போகும் என்பது மருத்துவப் புத்தகங்களில் பழகிப்போன கணக்கு. நாலில் மூன்று பேரும் சுத்தமில்லாதவர்களா?

இதன் காலக்கணக்கைப் பாருங்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. வயதுக்கு வராத பெண்பிள்ளைகளுக்கு இது அபூர்வம். வயதுக்கு வந்ததிலிருந்து வரத் தொடங்கும், மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் சிலருக்கு ஏறும், கர்ப்பத்தில் ரொம்பவே ஏறும், மாதவிலக்கு நின்றபின் தானாக அடங்கிவிடும். நின்ற பிறகு சூட்டுக்கும் படபடப்புக்கும் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மறுபடி தலைகாட்டும். ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கத்தை அப்படியே நகல் எடுத்த மாதிரி இல்லையா? லேபில் பெண் எலிக்கு இந்தத் தொற்றை உண்டாக்க வேண்டுமென்றால் முதலில் எஸ்ட்ரடயால் ஊசி போட வேண்டும், போடாவிட்டால் கேண்டிடா நிலைத்து நிற்காது. நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

என்ன நடக்கிறது என்றால், ஈஸ்ட்ரோஜன் ஏறினால் பெண்ணுறுப்பின் உட்சுவர் தடிக்கும், அதன் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேரும். அது நல்லதற்குத்தான், அதைத் தின்று லேக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா புளிப்பு அமிலம் சுரந்து மற்றக் கிருமிகளை விரட்டுகிறது. ஆனால் கேண்டிடா அந்தப் புளிப்பைச் சட்டை செய்யாது, சாப்பாடு மட்டும் அதற்கும் கிடைத்துவிடுகிறது. அப்புறம் ஈஸ்ட்ரோஜன் கேண்டிடாவை நூல் விடச் சொல்லித் தூண்டுகிறது. இங்கே பாருங்கள், பிரேசில் பூஞ்சைக்கு நூலிலிருந்து உருண்டையாக மாறினால்தான் நோய், கேண்டிடாவுக்கு உருண்டையிலிருந்து நூலாக மாறினால்தான் அதிகத் தொல்லை. ஒன்றில் தடை போட்ட அதே ஹார்மோன் இன்னொன்றில் கதவைத் திறந்துவிடுகிறது. நூல் விட்ட கேண்டிடா, கேண்டிடாலைசின் என்ற ஒரு நச்சுப் புரதத்தைச் சுரந்து சவ்வின் செல்களில் ஓட்டை போடும். 2016-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், அதுவரை எத்தனையோ காலம் எங்கள் ஸ்லைடில் அந்த நூல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், அது குத்துகிறது என்று தெரியாமல்.

ஓட்டை விழுந்ததும் செல்கள் கூச்சல் போடும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக ஓடிவரும். வந்து கேண்டிடாவைத் தின்னவேண்டும் அல்லவா? தின்பதில்லை. எலிகளில் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் ஆட்சியில் இருக்கும் சவ்வின் நீரில் ஹெபரான் சல்ஃபேட் என்ற பொருள் சேர்ந்து, வெள்ளணு எந்தக் கையால் கேண்டிடாவைப் பிடிக்குமோ அந்தக் கையில் போய் ஒட்டிக்கொள்கிறது. படை வந்து நிற்கிறது, சண்டை போடவில்லை, ஆனால் வந்த இடத்தை மிதித்து நாசம் செய்கிறது. அந்தச் சிவப்பும் வீக்கமும் எரிச்சலும் இந்தப் படை செய்கிற வேலை. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒப்புக்கொண்ட ஆரோக்கியமான பெண்களுக்கு உள்ளே உயிருள்ள கேண்டிடாவையே வைத்துப் பார்த்தார்கள். யாருக்கு அரிப்பு வந்ததோ அவர்களிடம் நியூட்ரோஃபில் குவிந்து கிடந்தது, யாருக்கு ஒன்றும் ஆகவில்லையோ அவர்களிடம் அழற்சியே இல்லை. அதாவது எதிர்ப்பு சக்தி குறைந்து வந்த நோய் என்று இதைச் சொல்ல முடியாது, இது தப்பான இடத்தில் காட்டிய வேகம். 2022-இல் இன்னொன்றும் தெரியவந்தது. ஈஸ்ட்ரோஜன் பட்ட கேண்டிடா, நம் ரத்தத்தில் இருக்கும் ஃபேக்டர் எச் என்ற புரதத்தை எடுத்துத் தன் மேல் போர்த்திக்கொள்கிறது. அந்தப் புரதம் "இது நம்ம ஆள், விட்டுவிடு" என்று காவல் புரதங்களுக்குச் சொல்கிற அடையாள அட்டை. ஈஸ்ட்ரோஜன் திருடனுக்கே அட்டை எடுத்துக் கொடுக்கிறது.

எச்ஐவி நோயாளிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். சிடி4 என்ற டி-செல்கள் குறையக் குறைய வாயிலும் தொண்டையிலும் வெண்படலம் பெரும்பாலும் வரும், ஏனென்றால் வாயில் கேண்டிடாவை அடக்கி வைப்பது டி-செல்கள். பெண்ணுறுப்பில் அந்தக் கணக்கு அதே அளவுக்கு எடுபடுவதில்லை. ஒரே கேண்டிடா, ஒரே பெண், இரண்டு இடம், இரண்டு விதி.

கர்ப்பத்தில் இன்னொரு சங்கதியும் சேர்கிறது. வயிற்றில் இருக்கிற குழந்தையில் பாதி அப்பாவுடையது, அம்மாவின் உடம்புக்கு அது அந்நியம்தான், அதைத் தாக்காமல் பத்து மாதம் வைத்திருக்க எதிர்ப்பு மண்டலம் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறது. புரோஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து ஏறி, செல்லைக் கொண்டு செல்லை அடிக்கும் எதிர்ப்பைத் தணித்து, வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன. பூஞ்சைக்கு எதிராகப் பெரும்பாலும் வேலை செய்வது அந்தத் தணிந்துபோன பக்கம்தான். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் கோக்சிடியாய்டிஸ் என்று ஒரு மண் பூஞ்சை உண்டு. சாதாரணமாக அது ஆண்களிடம்தான் அதிகமாக உடம்பெங்கும் பரவும், ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்தை ஒட்டியும் பெண்களுக்கு அபாயம் தாவி ஏறிவிடும். குழாய்ச் சோதனையில் எஸ்ட்ரடயாலும் புரோஜெஸ்டிரோனும் அதன் வளர்ச்சியையே வேகப்படுத்தின, 1981-லேயே எழுதிவிட்டார்கள். நம் ஊரில் அந்தப் பூஞ்சை இல்லை, பயப்பட வேண்டாம், ஹார்மோனின் அளவும் கணக்கு என்பதற்காகச் சொன்னேன். மாதச் சுழற்சியில் இருக்கிற அளவு ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பைத் தட்டி எழுப்பும், கர்ப்ப கால அளவு தாலாட்டும்.

ஆண்கள் பக்கம் வருவோம். டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக எதிர்ப்பு மண்டலத்தின் சுருதியைக் குறைக்கிற ஹார்மோன். அதனால்தான் தன் உடம்பையே தாக்கும் நோய்கள், லூபஸ், தைராய்டு அழற்சி போன்றவை, ஆண்களுக்குக் குறைவு, தடுப்பூசிக்குப் பெண்களின் உடம்பு கூடுதலாகப் பதில் சொல்லும். ஹார்மோன் மட்டுமல்ல, பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, எதிர்ப்பு மண்டலத்தின் சில முக்கிய மரபணுக்கள் அதில்தான் இருக்கின்றன. இரண்டில் ஒன்று அடைக்கப்பட்டாலும் டிஎல்ஆர்7 மாதிரி சில மரபணுக்கள் அடைப்பைத் தாண்டி வேலை செய்துவிடும்.

லேபில் எனக்கு மறக்காத பூஞ்சை கிரிப்டோகாக்கஸ். முதுகுத் தண்டுவட நீரில் ஒரு சொட்டு, கறுப்பு இந்தியா மையில் ஒரு சொட்டு, கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கறுப்பு வானத்தில் பௌர்ணமி மாதிரி ஒவ்வொரு ஈஸ்ட்டைச் சுற்றியும் வெள்ளை வட்டம் தெரியும். அழகாக இருக்கும், ஆனால் அந்த அழகைப் பார்த்தால் யாரோ ஒருவருக்கு மூளைக் காய்ச்சல் என்று அர்த்தம். எச்ஐவி மருந்து பரவலாகக் கிடைக்காத அந்தக் காலத்தில் எங்கள் பெஞ்சுக்கு வந்த குழாய்களின் லேபிளில் ஆண் பெயர்தான் அதிகம். ஆண்கள் எச்ஐவிக்குச் சிகிச்சைக்கு வருவதே முற்றிய பிறகுதான் என்று அப்போது பேசிக்கொள்வோம், அதிலும் உண்மை உண்டு. ஆனால் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டு நோயாளிகளை வைத்து 2013-இல் வெளியான ஆய்வு வேறொன்றும் காட்டியது. அங்கே ஆஸ்பத்திரியில் சேரும்போது ஆண்களுக்கு சிடி4 எண்ணிக்கை பெண்களைவிட அதிகமாகவே இருந்தது, இருந்தும் செத்தவர்களில் ஆண்களின் விகிதம் அதிகம். முற்றிய பிறகு வந்தது மட்டும்தான் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோனில் வளர்த்தால் இந்தப் பூஞ்சை தன் மேலுறைச் சர்க்கரையை அதிகமாகக் கொட்டியது, எஸ்ட்ரடயாலில் அப்படி இல்லை. அந்தச் சர்க்கரைதான் வெள்ளணுக்களை மயக்கும் வஸ்து, நான் மையில் பார்த்த அந்த வெள்ளை வட்டமே அதனால் ஆனதுதான். அப்புறம், பெண்களிடமிருந்து எடுத்த விழுங்கும் செல்கள் பூஞ்சையை அதிகம் விழுங்கின, ஆண்களின் செல்களுக்குள் பூஞ்சை அதிகமாகத் தங்கி, விழுங்கிய செல்லையே அதிகம் கொன்றது. இந்தப் பூஞ்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் போட்ட பட்டியலில் மிக ஆபத்தான நாலில் ஒன்றாக வைத்திருக்கிறது. நம்முடைய கேண்டிடா அல்பிகன்ஸும் அந்த நாலில் ஒன்று, ஆனால் அது ரத்தத்தில் இறங்கும் கேண்டிடாவுக்காக. உங்கள் மனைவிக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை, பதற வேண்டாம். கிரிப்டோகாக்கஸ் புறாவின் எச்சத்தில் நன்றாக வளரும். ரங்கூனில் புறாவுக்குத் தீனி போடுகிற புண்ணியம் எல்லோருக்கும் பிடிக்கும், ஆரோக்கியமான ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, எச்ஐவி இருக்கிறவர்களும் சிறுநீரகம் மாற்றியவர்களும் மட்டும் அந்தப் பக்கம் பெருக்கப் போகாமல் இருந்தால் போதும்.

இனி அப்பாவின் படர்தாமரை. பர்மியில் ப்வே என்பார்கள். இதில் ஹார்மோனை ரொம்ப இழுக்க நான் தயாரில்லை. படர்தாமரையை உண்டாக்கும் டிரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சைகளைப் புரோஜெஸ்டிரோன் குழாயில் தடுக்கிறது என்று ஆய்வுகள் உண்டு, உண்மைதான். ஆனால் உங்கள் ஊரைப் பாருங்கள். மோன் மாநிலத்துக் கரையில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை, அதுவும் மே முதல் அக்டோபருக்குள். நனைந்த லுங்கி, உள்ளே ஈர ஜட்டி, வியர்வை, தொடையோடு தொடை உராய்வு, விரைப்பை ஒட்டிக்கொண்டிருக்கும் மடிப்பு. பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? இதே பூஞ்சைச் சங்கதியைக் காலில் பார்த்தால் கணக்கு மாறும். நாற்று நடுவது நம் ஊரில் பெரும்பாலும் பெண்கள் வேலை, ஆனியிலும் ஆடியிலும் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களின் கால்விரல் இடுக்கைப் பாருங்கள், சேற்றுப்புண் யாருக்கு என்று தெரியும். பெண் ஹார்மோன் அங்கே கை கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆணுக்கு அதிகம், பெண்ணுக்கு அதிகம் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால், யார் எங்கே நின்று என்ன வேலை செய்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். 2021-இல் இந்தியாவில் கொரோனாவுக்குப் பிறகு வந்த கறுப்புப் பூஞ்சையிலும் ஆண்கள்தான் அதிகம். ஆனால் கடுமையான கொரோனாவே ஆண்களுக்கு அதிகம், அதில் சர்க்கரை நோய், அதன் மேல் ஸ்டீராய்டு மருந்து. அதை டெஸ்டோஸ்டிரோன் தலையில் கட்டினால் நியாயமில்லை. நம் பக்கத்து மலைக்காடுகளில் மூங்கில் எலியிடம் இருக்கிற தலரோமைசஸ் மார்னெஃபி என்ற பூஞ்சையும் அப்படியே, 1956-இல் வியட்நாமில் ஒரு மூங்கில் எலியிடம்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். நோயாளிகளில் ஆண்கள் அதிகம், ஆனால் அது எச்ஐவி பரவிய வழியையும் சேர்த்துக் காட்டுகிற எண்ணிக்கை.

தோலில் ஹார்மோனின் கைவரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் தேமலைப் பாருங்கள், தலையைப் பாருங்கள். தேமல் மலசேசியா என்ற ஈஸ்ட்டால் வருவது. அதற்குத் தன் கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, நம் தோலின் எண்ணெயை நக்கித்தான் பிழைக்கும். வயதுக்கு வரும்போது ஆண் ஹார்மோன்கள் எண்ணெய்ச் சுரப்பிகளைத் திறந்துவிடும், அவை பெண்களிடமும் கொஞ்சம் உண்டு. தேமலும் பொடுகும் அந்த வயதில் சரியாக வந்து நிற்கும். (தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசினால் தேமலை மூடி மறைக்கலாம், தேமல் போகாது. பெண்பிள்ளைகள் வருஷக்கணக்கில் மறைத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள்.) பிறந்த குழந்தைக்கு உச்சந்தலையில் மஞ்சளாகப் பொறுக்கு கட்டுமே, அதிலும் அம்மாவிடமிருந்து வந்த ஹார்மோனால் குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பி சில வாரம் வேலை செய்வதற்குப் பங்கு உண்டு. தலையில் வரும் படை நேர் எதிர். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும், வயதுக்கு வந்ததும் போய்விடும், ஏனென்றால் புதிதாகச் சுரக்கும் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் அந்தப் பூஞ்சைக்கு ஆகாது. பெரியவர்களில் யாருக்கு வருகிறது தெரியுமா? பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு. ஹார்மோன் இறங்க, தலை எண்ணெய் குறைய, சின்ன வயதுப் பூஞ்சை பாட்டி தலைக்குத் திரும்பி வருகிறது.

இப்போது வேலைக்கு ஆகிற பேச்சு. மனைவியை டாக்டரிடமோ மருத்துவச்சியிடமோ கூட்டிப்போய், முடிந்தால் ஒரு ஸ்வாப் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அரிப்பும் வெள்ளைப்படுதலும் எல்லாம் கேண்டிடா என்று நினைத்துவிடக் கூடாது, பாக்டீரியாவாலும் டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணியாலும் வரும், அதற்கு மருந்து வேறு. கர்ப்பத்தில் கேண்டிடாவுக்கு உள்ளே வைக்கிற குளோட்ரிமசோல் வகை மருந்துதான், அதுவும் ஏழு நாள் முழுசாக. இரண்டு நாளில் அரிப்பு நின்றதும் நிறுத்தினால் அடுத்த மாதம் மறுபடி எனக்கு எழுதுவீர்கள். வாயால் சாப்பிடுகிற ஃப்ளூகோனசோல் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது, மருந்துக் கடையில் "ஒரே மாத்திரை, சரியாகிவிடும்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். மூன்றாவது முறை என்பதால் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள், கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தால் கேண்டிடா லேசில் போகாது. இதற்கு முன்னால் சளிக்கோ எதற்கோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நல்ல பாக்டீரியா செத்தால் இது துள்ளும். உங்களுக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் நீங்கள் மருந்து சாப்பிட வேண்டியதில்லை.

முக்கியமாக, அம்மா சொன்னார் என்று உள்ளே சோப்போ கிருமிநாசினியோ வெற்றிலை கொதிக்க வைத்த தண்ணீரோ ஊற்றிக் கழுவ விடாதீர்கள். வெளியே சாதாரணத் தண்ணீர் போதும். உள்ளே கழுவினால் போவது லேக்டோபேசிலஸ், மிஞ்சுவது கேண்டிடா. "சுத்தம்" என்ற பேரில் இப்படிக் கழுவிக் கழுவிப் புண்ணாகி வந்த பெண்களின் ஸ்லைடு நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் சடாரென்று இறங்கும், பால் கொடுக்கிற வரை பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும், அநேகமாக இந்தத் தொல்லையும் அப்போது தானாக விட்டுவிடும். அதற்கப்புறம் கருத்தடை எடுப்பதென்றால் இந்தக் கதையை அங்கே சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையில் சிலருக்கு இது திரும்பும், நம் ஊரில் எல்லோரும் போட்டுக்கொள்கிற மூன்று மாத ஊசியில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது.

இன்னொருவர் இடையில் கேட்டிருந்தார், அப்படியானால் ஆண்களுக்குக் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன், பெண்களுக்குக் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பூஞ்சையே வராதே என்று. வேண்டாம் ஐயா. மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள், ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும், நடுவில் ரத்தக்கட்டும் மார்பகமும் ஈரலும் வேறு இருக்கின்றன.

அப்பாவுக்கு வருவோம், கடைசியாக. ஒவ்வொரு மழைக்கும் வருகிறது என்றால் அது ஒவ்வொரு மழைக்கும் புதிதாக வருகிறதா, இல்லை, போன மழையில் வந்தது போகவே இல்லையா? எனக்குச் சந்தேகம் அவர் பூசுகிற க்ரீம் மேல்தான். கடையில் கிடைக்கிற பல க்ரீம்களில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டும் ஹார்மோன் சாதிதான், ஆனால் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஆண்-பெண் ஹார்மோன் இல்லை, அது எதிர்ப்பு சக்தியைப் படுக்கவைக்கிற வகை. பூசிய இரண்டு நாளில் அரிப்பு பறந்துவிடும், அப்பா சந்தோஷப்படுவார், பூஞ்சையும் சந்தோஷப்படும், வட்டம் கலைந்து தொடை முழுக்கப் பரவி, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத மாதிரி ஆகிவிடும். நாலைந்து மாத்திரையைக் கலந்து ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவார்களே, அதிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தால் இதே கதை. போதாக்குறைக்கு டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே அடங்காத ஒரு டிரைக்கோஃபைட்டான் இப்போது இந்தியாவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது, அரைகுறை மருந்து பூசுகிறவர் வீட்டில் அது வந்தால் லுங்கி துண்டு வழியாக எல்லோருக்கும் போகும். லுங்கியையும் துண்டையும் தனியாகத் துவைத்து வெயிலில் போடுங்கள், மழையில் வெயில் ஏது என்றால் இஸ்திரியாவது போடுங்கள்.

அந்த டியூப்பை எடுத்துப் பாருங்கள். சின்ன எழுத்தில் பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் என்று இருந்தால் எழுதுங்கள், இரண்டும் ஸ்டீராய்டுதான். திடீரென நிறுத்தினால் முதல் வாரம் அரிப்பு இரண்டு மடங்காகும், அதைத் தாண்டுவதற்கு அப்பாவுக்கு ஒரு தோல் டாக்டர் வேண்டும்.